ஒரே அருள், இரண்டு பந்திகள்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“கத்தோலிக்கர்கள் நற்செயல் செய்து மோட்சம் போகலாம் என்பார்கள், சீர்திருத்தச் சபைக்காரர்கள் விசுவாசித்தாலே போதும் என்பார்கள்.” மறைக்கல்வி வகுப்பிலும் கன்வென்ஷன் பந்தலிலும் இந்தச் சுருக்கத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இரு சபைக்கும் இடையே சம்பந்தம் பேசும்போதுகூட இது தலைகாட்டும். கேட்க எளிது, நினைவில் நிற்கும், ஆனால் தவறு. மேற்கத்தியத் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது, மீட்பு அருளால்தானா என்பதில் வந்த சண்டையை இரு தரப்பும் ஒரு கட்டத்தில் ஏறக்குறையத் தீர்த்தே விட்டன. தீராமல் நின்றது வேறு ஒன்று: அந்த அருள் மனிதனிடம் எந்த வழியாக, யார் கையால் வந்து சேர்கிறது? அதாவது அருளடையாளங்களும், அவற்றை நிறைவேற்றும் திருச்சபையும். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மீட்பு என்பவர்களும் இரட்சிப்பு என்பவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அருள், கிருபை, நம்பிக்கை, விசுவாசம் என்று இரண்டு வழக்கையும் கலந்தே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1483இல் பிறந்த இருவர்

1483 நவம்பர் 10 அன்று ஜெர்மனியின் ஐஸ்லேபன் ஊரில் மார்ட்டின் லூத்தர் பிறந்தார். அதற்கு 25 நாள் முன்பு, அக்டோபர் 16 அன்று, வெனிஸ் நகரின் பிரபுக் குடும்பமொன்றில் காஸ்பரோ கொந்தாரினி பிறந்தார். லூத்தரை உலகம் அறியும். கொந்தாரினியைத் திருச்சபை வரலாறு படித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். இருவரையும் வாட்டியது ஒரே கவலை.

லூத்தர் 1505இல் எர்ஃபர்ட் நகரில் அகுஸ்தினார் சபைத் துறவியானார். நோன்பு, கண்விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. இருந்தும் “கடவுளுக்கு இது போதுமா?” என்ற கேள்வி அவரை விடவில்லை.

வெனிஸில் கொந்தாரினியின் நெருங்கிய நண்பர் பவுலோ ஜுஸ்தினியானி உலகைத் துறந்து கமால்தோலி வனவாசத் துறவிகளோடு சேர்ந்துவிட்டார். அவ்வளவு கடும் தவம் செய்கிற நண்பரே தம் பாவங்களுக்கு ஈடு செய்ய முடியுமா என்று அஞ்சுகிறார்; ஊரில் வாழும் என் கதி என்ன என்று கொந்தாரினி கலங்கினார். 1511ஆம் ஆண்டு பெரிய சனிக்கிழமை அன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே ஒரு துறவியோடு பேசியதில் அவருக்குத் தெளிவு பிறந்தது. சில நாள் கழித்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதன் சாரம் இது: செய்யக்கூடிய தவம் அனைத்தையும் செய்தாலும் பழைய பாவங்களுக்குக்கூட அது ஈடாகாது, கிறிஸ்துவின் பாடுகள் போதும், நம்பிக்கையாலும் அன்பாலும் அவரோடு இணைந்தால் அவர் செலுத்திய ஈடு நமக்கும் உரியதாகும்.

எழுதிய ஆண்டு 1511. லூத்தர் உரோமையர் திருமுகத்தைப் பற்றி விரிவுரை ஆற்றியது 1515-16இல். வெனிஸ் பிரபுவின் கடிதங்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மடத்துச் சேமிப்பில் தூங்கிக் கிடந்தன. 1943இல்தான் ஹூபர்ட் யெடின் என்ற வரலாற்றாசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். ‘அருள் மட்டுமே’ என்ற அனுபவம் ஒரு தரப்பின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒருவர் அந்த அனுபவத்தோடு ரோமைத் திருச்சபையை விட்டு விலக நேர்ந்தது. மற்றவர் அதே அனுபவத்தோடு 1535இல் கர்தினால் ஆனார். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன் லூத்தர் நின்ற 1521ஆம் ஆண்டு வோர்ம்ஸ் அவைக்கு, வெனிஸ் நாட்டுத் தூதராகக் கொந்தாரினியும் வந்திருந்தார். இருவரும் சந்திக்கவே இல்லை.

பழைய தீர்ப்பும் புதிய வியாபாரமும்

தன் முயற்சியால் மனிதன் மீட்படைய முடியும் என்று திருச்சபை என்றைக்காவது போதித்ததா? இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்ற துறவி மனித மனத்தின் ஆற்றலை உயர்த்திப் பேசினார். புனித அகுஸ்தினார் அதை எதிர்த்து எழுதினார். 418இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸின் கருத்தைத் தள்ளினார்கள். நம்பிக்கையின் முதல் அசைவுகூட அருளின் கொடைதான் என்று 529இல் ஒராஞ்ச் சங்கம் உறுதிசெய்தது.

ஏட்டில் இருந்த தீர்ப்பு வேறு, ஊரில் நடந்தது வேறு. 1517இல் யோஹான் டெட்செல் என்ற துறவி பாவமன்னிப்புச் சீட்டுகளை ஊர் ஊராக விற்று வந்தார். வசூலில் ஒரு பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் போயிற்று. மறு பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுகர் வட்டிக்கடைக் குடும்பத்திடம் பட்ட கடனை அடைக்கப் போயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று லூத்தர் எழுப்பிய 95 கருத்துகள் இந்த வியாபாரத்தைக் குறிவைத்தவை. கடவுளின் மன்னிப்புக்கு விலைச்சீட்டு கட்டுவதா என்ற அவருடைய கோபம், அகுஸ்தினாரின் மாணவர் ஒருவருக்கு வரவேண்டிய கோபம்தான்.

கருத்து வேறுபாடு எங்கே?

அப்படியானால் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, நுட்பமானது.

லூத்தர் சொன்னது: பாவியைக் கடவுள் நீதிமான் என்று தீர்ப்பளிக்கிறார். அந்த நீதி பாவியின் உள்ளே விளைந்ததல்ல. கிறிஸ்துவின் நீதி அவன் கணக்கில் எண்ணப்படுகிறது. விசுவாசம் என்பது அதை ஏந்திக்கொள்ளும் வெறுங்கை. ஆகவே விசுவாசி சாகும்வரை ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான்.

திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று இதற்கு மறுமொழி தந்தது. லூத்தர் இறந்து அப்போது ஏறக்குறைய பதினோரு மாதம் ஆகியிருந்தது. 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட அந்த ஆணையின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயல்களால் மனிதன் கடவுள்முன் நீதிமானாகலாம் என்று சொல்பவரைச் சபிக்கிறது. நம்மூர்ச் சுருக்கம் கத்தோலிக்கர் தலையில் ஏற்றும் கொள்கையை, கத்தோலிக்கச் சங்கமே முதல் வரியில் தள்ளிவிடுகிறது! திரெந்து வலியுறுத்தியது வேறு: கடவுள் தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டு மனிதனை இருந்தபடியே விடுவதில்லை, அருளை உள்ளே பொழிந்து அவனை மெய்யாகவே மாற்றுகிறார். அருளால் தூண்டப்பட்ட மனிதன் அதற்கு இசைகிறான். அந்த அருளில் வளரவும் செய்கிறான்.

நற்செயல்களைப் பற்றி என்ன? பவுல் ஆபிரகாமைக் காட்டி, அவர் விசுவாசத்தால் நீதிமானார், கிரியையால் அல்ல என்கிறார். யாக்கோபு அதே ஆபிரகாமைக் காட்டி, செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறார். பவுல் எதிர்த்தது கடவுளிடம் கூலி கேட்கும் மனத்தை. யாக்கோபு எதிர்த்தது ஏழைக்கு வாய்ச்சொல் மட்டும் தந்து அனுப்பும் பக்தியை. லுத்தரன் சபையின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 6ஆம் பிரிவு, விசுவாசம் நற்கனி தந்தே ஆகவேண்டும் என்கிறது. “நம்பினால் போதும், எப்படியும் வாழலாம்” என்று லூத்தர் சொன்னதே இல்லை. திரெந்தும் நற்செயலின் பலனைப் பற்றிப் பேசும்போது அகுஸ்தினாரின் வழியில், கடவுள் முடிசூட்டுவது தம்முடைய கொடைகளுக்கே என்கிறது.

ரேகன்ஸ்பர்க், 1541

துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சிய பேரரசர் ஐந்தாம் சார்லஸ், ஜெர்மனியில் சமய ஒற்றுமையை நாடி 1541 ஏப்ரலில் ரேகன்ஸ்பர்க் நகரில் ஒரு பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்தார். கத்தோலிக்கர் பக்கம் எக், க்ரோப்பர், ஃப்ளுக். சீர்திருத்தவாதிகள் பக்கம் மெலாங்க்தன், பூட்சர், பிஸ்டோரியுஸ். திருத்தந்தையின் தூதராக வந்தவர் கர்தினால் கொந்தாரினி.

எல்லோரும் பயந்தது நீதிமானாக்கப்படுதல் என்ற பொருளுக்குத்தான். வரைவு தந்து, திருப்பி, மீண்டும் எழுதி, மே 2 அன்று ஒரு வாசகத்துக்கு ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அன்பின் வழியாகச் செயல்படும் உயிருள்ள விசுவாசத்தால் பாவி நீதிமானாகிறான்; அன்பு அவனுள் பொழியப்படுகிறது; ஆனாலும் அவன் நம்பி நிற்பது தன்னுள் விளைந்த நன்மையை அல்ல, தனக்கு அளிக்கப்பட்ட கிறிஸ்துவின் நீதியையே. அங்கே இருந்த சீர்திருத்தவாதி ஜான் கால்வின், எதிர்த்தரப்பு இவ்வளவு இறங்கி வந்ததே என்று வியந்து நண்பர் ஃபரேலுக்குக் கடிதம் எழுதினார். இது ஒட்டுப்போட்ட வேலை என்று லூத்தர் முகம் சுளித்தார்; ரோமும் இதை ஏற்கவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை முறிந்தது இந்த இடத்தில் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

முறிந்தது நற்கருணையில். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுவதைக் குறிக்க, 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ‘பொருள் மாற்றம்’ என்ற கோட்பாட்டை ஏற்றிருந்தது. மெலாங்க்தன் அதற்கு இணங்கவில்லை. மீட்பைப் பற்றிய வாசகத்தில் வளைந்து கொடுத்த கொந்தாரினி இதில் ஓர் அங்குலமும் அசையவில்லை. பொதுச்சங்கம் தீர்மானித்ததை விட்டுக்கொடுத்தால் திருச்சபை தவறியது என்றாகிவிடும் அல்லவா? அடுத்து வந்தது பாவசங்கீர்த்தனம்: பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல வேண்டியது கட்டாயமா? அதிலும் இழுபறி. மே மாத இறுதியில் எல்லாம் முடிந்துபோனது. மறு ஆண்டு ஆகஸ்டில் கொந்தாரினி இறந்தார்.

யார் கையால்?

அருளடையாளம் ஏன் இவ்வளவு பெரிய சிக்கலானது? 4ஆம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். பேரரசர் டயோக்ளீசியன் காலத்துக் கொடுமையில் சில ஆயர்கள் திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்து உயிர் தப்பினார்கள். அப்படிப்பட்டவர் கையால் வந்த அருட்பொழிவு செல்லாது என்று டொனாட்டிஸ்டுகள் பிரிந்து போனார்கள். அகுஸ்தினார் மறுத்தார்: ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, கொடுப்பவருடையது அல்ல, கொடுப்பவர் கெட்டவராயினும் கொடை கெடாது. குருவின் தகுதி விசுவாசியின் மீட்பைப் பறிக்க முடியாது என்பது எளிய மக்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

இந்தக் கொள்கையே பிற்காலத்தில், சடங்கு நிறைவேறினாலே அருள் வந்துவிடும் என்று மந்திரம்போலப் புரிந்துகொள்ளப்பட்டது. லூத்தர் 1520இல் இதை எதிர்த்து, வாக்குறுதியும் அதை ஏற்கும் விசுவாசமும் இல்லாத சடங்கு வீண் என்றார். ஏழு அருளடையாளங்களில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டுமே உறுதியாக நிற்கும் என்றார். 1547 மார்ச்சில் திரெந்து ஏழையும் உறுதிசெய்தது. அதேவேளை, தடை போடாத உள்ளத்தில்தான் அருள் பாய்கிறது என்றும் சேர்த்தது.

சீர்திருத்தவாதிகளும் இதில் ஒன்றாக இல்லை. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சூரிச் நகரின் ஸ்விங்ளியும் சந்தித்தார்கள். பேச்சு தொடங்கும்முன் லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால், கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைப் பற்றிச் சொன்ன நான்கு லத்தீன் சொற்களை எழுதினார். அதன்மேல் துணியை மூடிவைத்தார். ஸ்விங்ளி வாதிட்டபோதெல்லாம் அவருக்கு அந்த எழுத்தே பதில். 15 அம்சங்களில் 14இல் ஒத்துப்போனார்கள். 15ஆவதில், கிறிஸ்துவின் உடல் அப்பத்தில் மெய்யாக இருக்கிறதா என்ற ஒரே இடத்தில் பிரிந்தார்கள். ‘விசுவாசம் மட்டுமே’ என்று ஒரே குரலில் பேசிய இருவர்தான் இவர்கள்!

அதே சூரிச்சில் 1525 ஜனவரியில் ஒரு சிறு கூட்டம், குழந்தைக்குத் தந்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, வளர்ந்தவர்களுக்கு மறுபடி கொடுத்தது. அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை 1527இல் லிமாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஞானஸ்நானம் கடவுள் மனிதனுக்குச் செய்வதா, மனிதன் கடவுளுக்குக் கொடுக்கும் சாட்சியா? நம்மூர் பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளையின் வீட்டிலும் இந்தக் கேள்வி இன்றும் எழுகிறது. இன்னொரு எல்லையில் இரட்சணிய சேனை. கிருபையையும் விசுவாசத்தையும் அனலாகப் பிரசங்கிக்கும் அந்தச் சபையில் ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை.

கிழக்கத்திய மரபோ மீட்பைப் பற்றிய கேள்வியையே இப்படிக் கேட்கவில்லை. டியூபிங்கன் நகரின் லுத்தரன் இறையியலாளர்கள் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் கிரேக்க வடிவத்தைக் கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தை இரண்டாம் எரேமியாவுக்கு அனுப்பினார்கள். 1576, 1579, 1581 என்று மூன்று முறை அவர் மரியாதையோடு மறுமொழி எழுதினார். கடைசியில், இனி எழுதினால் நட்புக்காக எழுதுங்கள், கோட்பாட்டைப் பற்றி வேண்டாம் என்றார். மீட்பு என்பது கடவுளின் வாழ்வில் மனிதன் பங்குபெற்று அவர் சாயலுக்கு வளர்வது என்று காண்பவருக்கு, நீதிமன்றத் தீர்ப்பின் மொழி அந்நியமாகப் பட்டதில் வியப்பில்லை.

நம் கரையில்

இந்தக் கதைக்கும் தமிழகத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு. இயேசு சபையின் அமைப்புத் திட்டத்தை 1539இல் திருத்தந்தை மூன்றாம் பவுலிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்றுத் தந்தவர் இதே கொந்தாரினி. அச்சபையின் முதல் உறுப்பினர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542இல், கொந்தாரினி இறந்த அதே ஆண்டில், முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று எழுதியவர் அவர். 1706இல் லூத்தரின் வாரிசாகத் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழில் கற்பித்து, மறு ஆண்டே ஞானஸ்நானம் கொடுத்தார். 1483இல் பிறந்த இருவரின் வழிவந்தவர்களும் ஒரே கடற்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

1919இல் தரங்கம்பாடியில்தான் தென்னிந்தியச் சபைகளை ஒன்றாக்கும் அறிக்கையும் எழுந்தது; அதன் முன்னணியில் நின்றவர் பேராயர் வி. எஸ். அசரியா. அதில் சேர்ந்த ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், பிற்பாடு வந்த மெதடிஸ்ட் யாருக்கும் கிருபையால் இரட்சிப்பு என்பதில் ஐயமே இல்லை. இருந்தும் சி.எஸ்.ஐ. பிறக்க 1947 செப்டம்பர் 27வரை, 28 ஆண்டுகள், பிடித்தது. ஏன்? பேராயர் கைவைத்து அருட்பொழிவு பெறாத போதகர் திருவிருந்தை நடத்தலாமா என்ற கேள்விதான் முக்கியத் தடை. திரும்பவும் அதே இடம்: யார் கையால்?

1999க்குப் பிறகு

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 44 பத்திகள். அதன் மையம் எளியது: நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச்செயலில் வைக்கும் விசுவாசத்தால் கடவுள் நம்மை ஏற்கிறார்; தூய ஆவியைத் தந்து உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் இந்த அறிக்கையில் கூறியுள்ள போதனைக்குப் பொருந்தா என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் கால்வின் மரபுச் சபைகளும் இதில் இணைந்தன. எல்லோருக்கும் திருப்தி இல்லை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புரோட்டஸ்டண்ட் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை ஏற்கவில்லை.

ஆக, 1541இல் ஆறு பேர் கண்டதை 1999இல் சபைகளே கண்டன. அதற்குப் பிறகு ஒரே பந்தியில் அமர்ந்தார்களா? இல்லை. 2016இல் ஸ்வீடனின் லுந்த் பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிசும் லுத்தரன் சம்மேளனத் தலைவர் முனிப் யூனானும் சேர்ந்து செபித்தார்கள். ஒரே பந்தியில் பங்குபெற ஏங்கும் குடும்பங்களின் வலியைத் தங்கள் அறிக்கையிலேயே சொன்னார்கள். பந்தி மட்டும் இன்னும் தனித்தனியே. நம்மூரில் கத்தோலிக்கப் பெண்ணை மணந்த லுத்தரன் இளைஞர் திருப்பலியில் மனைவி பக்கத்தில் உட்காரலாம், பாடலாம். நற்கருணை வரிசையில் அவர் நிற்க முடியாது. அவருக்கும் மனைவிக்கும் மீட்பைப் பற்றி வேறுபாடு உண்டா என்று கேட்டால், இருவர் சபையும் கையெழுத்திட்ட ஆவணம் அடிப்படையில் இல்லை என்கிறது.

இதற்காகப் பந்தியை உடனே திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. குருத்துவம் எங்கிருந்து வருகிறது, திருச்சபைக்கு எவ்வளவு அதிகாரம், கிறிஸ்து அப்பத்தில் எப்படி இருக்கிறார் என்பவை மெய்யான கேள்விகள். அவற்றை அவற்றின் பெயரிலேயே விவாதிப்போம். திருச்சபையைப் பற்றிய வழக்கை மீட்பைப் பற்றிய வழக்காக மாற்றிப் பேசும்போதுதான், எதிரில் இருப்பவர் கிறிஸ்துவையே அறியாதவர் ஆகிவிடுகிறார். சம்பந்தம் பேச வந்த வீட்டில் அவமதிப்பு பிறக்கிறது.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். கத்தோலிக்க வகுப்பில் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 6ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். ஞாயிறு பள்ளியில் திரெந்து ஆணையின் முதல் விதியைப் படித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகும் வாதிடுவதற்கு நிறையவே மிஞ்சும். ஆனால் அந்த வாதம் அடுத்தவர் மெய்யாகவே நம்புவதோடு நடக்கும்.